முதல் கவளம்

எங்கள் ஊர்க் கடலுக்கு அடியில் படுத்திருப்பவர் என்றைக்கு எழுந்து வந்தாலும், அவர் வாயில் முதலில் போகிற உரிமை எங்கள் குடும்பத்துக்குத்தான். அதற்கு முதல் கவளம் என்று பெயர். தாத்தாவுக்கு அது இருந்தது. அனுபவிக்கக் கொடுத்துவைக்காமல் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிறகு என் அப்பா ஆவுடையப்பனுக்கு வந்தது. அப்பாவுக்குப் பிறகு எனக்கு வராது. பெண்பிள்ளைக்குக் கிடையாது என்பதால் சித்தப்பா மகன் மாசானத்துக்குப் போகும்.

கடலுக்கடியில் இருப்பவரைக் கீழிருப்பவர் என்று சொல்வோம். லைட்ஹவுசுக்குத் தெற்கே, நீர் வற்றுகிற நாட்களில் கரும்பாறை ஒன்று தலைகாட்டும். அது அவருடைய இடது கண்ணின் இமை. பெண்கள் அதில் நெத்திலி காயப்போடுவார்கள். எப்போதாவது பாறை துடிக்கும். அப்போது மீனை அள்ளிக்கொண்டு கரைக்கு வந்து நிற்பார்கள். அடங்கியதும் போய் மறுபடி பரப்புவார்கள்.

அவருக்காக நடக்கிற சங்கம் ரகசியச் சங்கம். எங்கள் பஸ் நிறுத்தத்துக்கும் அதுதான் பெயர். "ரகசியச் சங்கமெல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் கூவுவார். சங்கத்து ஆட்கள் கறுப்பு அங்கி மாட்டி, முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு தெருவில் போகும்போது, அவர்களுடைய மனைவிமார்கூட அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அந்த அங்கிகளைத் தைப்பது நான்தான். கட்டிக்கொடுத்த இடத்தில் சரிப்படாமல் திரும்பி வந்ததிலிருந்து, வீட்டுக்குப் பின்னால் சாய்ப்புக் கொட்டகையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். சித்திரை வெயிலில் அங்கிக்குள் மயங்கி விழுந்தவர்கள் உண்டு என்பதால் போன வருஷம் முதுகில் வலைத்துணி வைத்துத் தைத்தேன். பெண்களுக்குச் சங்கத்தில் இடமில்லை. அளவெடுக்க மட்டும் உள்ளே விடுவார்கள். அவர்கள் முகத்தை மூடியிருப்பதால் நான் யாரையும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வார்கள்.

முதல் கவளத்துக்குரியவர் கசக்கக் கூடாது. முதல் வாய் கசந்தால் கீழிருப்பவர் துப்பிவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவார், இத்தனை தலைமுறை காத்திருந்தது வீண் என்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் பாகற்காய் கிடையாது. வெந்தயம், சுண்டைக்காய், வேப்பம்பூ எதுவும் கிடையாது. சாம்பாரிலும் ரசத்திலும் வெல்லம் போடுவோம். அமாவாசைதோறும் காலையில் சங்கத் தலைவர் ஐயம்பெருமாள் வீட்டுக்கு வருவார். ஈரத் துண்டால் தன் நாக்கைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் முழங்கையை நக்கிப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருப்பார்.

"செல்லும்" என்பார். அம்மா காப்பி கொண்டுவந்து வைப்பாள்.

அம்மா இசக்கியம்மாள் உள்நாட்டுக்காரி. பாகற்காயும் மோரும் தின்று வளர்ந்தவள். தன் கல்யாணப் பந்தியிலிருந்து பாகற்காய்ப் பொரியலைத் தூக்கிவிட்டார்கள் என்பதை அவள் கடைசிவரை மறக்கவில்லை. சாய்ப்புக்குப் பின்னால் வேலியில் ஒரு பாகற்கொடி ஏற்றிவிட்டு, காயைப் பச்சையாகவே கடித்துத் தின்பாள். "எனக்கும் ஒரு வாயி இருக்குல்லா" என்பாள். பெண்களின் ருசியை யாரும் பார்ப்பதில்லை என்பதால் சங்கம் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒருமுறை குழவிக்கல் காலில் விழுந்து அவளுடைய மெட்டி ஒரு பக்கம் நசுங்கிப்போனது. மாற்றித் தரச் சொல்லி அப்பாவிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, அதோடேயே நடந்துகொண்டிருந்தாள்.

நான் பத்தாவது படிக்கும்போது, ஒரு மத்தியானம் அம்மா இமைப் பாறைக்கு நெத்திலி எடுக்கப் போனாள். கூடை கரையில் இருந்தது. செருப்பு பாறையில் இருந்தது. அம்மா இல்லை. அன்றைக்குப் பாறை ரொம்பத் துடித்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அவர் மடியில் விழுந்து அழுதேன். அவள் முந்திவிட்டாளோ என்றுதான் அவர் அழுகிறார் என்பது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

சங்கம் கூடி விசாரித்தது. கரையில் நின்றவர்களைக் கேட்டார்கள். பாறையைத் தட்டிக் காது வைத்துப் பார்த்தார்கள். இசக்கியம்மாள் விழுங்கப்படவில்லை, வெறுமனே மூழ்கித்தான் போனாள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெரு முழுக்க அல்வா கொடுக்கச் சொன்னார். எனக்கும் ஒரு துண்டு வந்தது. நான் அதைத் தொடவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. போகட்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை.

போன வருஷம் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதினார். மாத்திரை கசக்கும் என்று அப்பா வாங்கவில்லை. அப்படியானால் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார் டாக்டர். வாயில் கசக்காவிட்டாலும் ரத்தத்தில் கசக்கும் என்று சங்கம் சொல்லிவிட்டது. ஐயம்பெருமாளுக்கோ ஒவ்வோர் அமாவாசைக்கும் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"ஆவுடையப்பா, நாளுக்கு நாள் கூடுதுய்யா. ஒங்கப்பாகூட இப்பிடி இருந்ததில்ல" என்றார். செல்லும் என்று சொன்ன பிறகும் இன்னொரு தடவை நக்கினார்.

மாசானம் பஸ் நிறுத்தத்தில் அல்வாக் கடை வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் சூடாக இலையில் கட்டித் தானே கொண்டுவருவான். "பெரியப்பா, நீங்க ஒரு வாயி சாப்புட்டாத்தான் எனக்கு யாவாரமே ஓடும்" என்பான். அப்பா முழங்கைவரை நெய் வழியத் தின்பார். அவர் இலையை வழித்து முடிக்கும்வரை மாசானம் பக்கத்திலேயே நிற்பான்.

"அடுத்த கவளம் நீங்கதானண்ணே" என்று ஒருநாள் வாசலில் வைத்துச் சொன்னேன்.

"ஏ பேச்சி, என்ன இப்பிடிப் பேசுத? பெரியப்பா நூறு வருசம் இருக்கணும்" என்றான். அடுத்த வாரம் அல்வா இன்னும் பெரிய பொட்டலமாக வந்தது.

அப்பாவின் இடது கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. அது புண்ணாகி, புண் கறுத்து, கறுப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியது. வீட்டுக்குள் எறும்பு வரிசை எந்நேரமும் அப்பாவின் கட்டிலை நோக்கியே போயிற்று. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் ஆளே போய்விடுவார் என்று டாக்டர் கறாராகச் சொன்னார்.

"எப்பா, கால எடுத்துருவோம்" என்றேன்.

"கொறையோட போனா வாயில வப்பாரா?"

"அவரு எப்ப எந்திக்கப்போறாரோ. அதுவரைக்கும் நீங்க இருக்கண்டாமா?"

"கவளம் இல்லாம இருந்து?"

அவருக்கு நான் சொல்லவேண்டிய பதில், எனக்காக இருங்கள் என்பது. வேறு வார்த்தை எதற்கு, அது ஒன்றே போதும். சொன்னால் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார் என்று நினைத்து, எறும்பைத் துடைக்கத் துணி எடுக்கப் போய்விட்டேன். அம்மாவை அப்படி விட்டவர்தான். ஆனாலும் அவரும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் அளவெடுக்கிற சாக்கில் சங்கத்துக்குப் போனேன். சங்கக் கட்டடத்தில் மூலைகள் ஒன்றோடொன்று சேராது. வடக்குச் சுவரைப் பார்த்து நேராக நடந்தால் தெற்குச் சுவர் வழியாக உள்ளே வந்துவிடலாம். தெரியாதவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடுவில் நின்று கேட்டேன். காலை எடுத்தாலும் அப்பாவுக்கு முதல் கவளம் இருக்கவேண்டும். இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்.

நெய் வாசனை அடித்த முக்காடு ஒன்று எழுந்தது. "கவளம்னா முழுசா இருக்கணும். பிச்சு எடுத்ததக் கவளம்னு சொல்ல முடியாது" என்றது. மற்ற முக்காடுகள் ஆடின.

ஐயம்பெருமாள் எதையும் பார்க்காமல் முடிவு சொல்கிறவர் இல்லை. நேரே வீட்டுக்கு வந்தார். நாக்கைத் துடைத்துக்கொண்டு முழங்கையை நக்கினார். பிறகு குனிந்து கறுத்த காலை நக்கினார். ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தார்.

"ருசி பூரா கால்லதான் எறங்கியிருக்கு. ருசி எங்கயோ உரிமை அங்க. கால எடுத்துருங்க. இனிமே காலுதான் மொதக் கவளம்" என்றார்.

"மிச்சம்?" என்று கேட்டேன்.

"மிச்சம் ஒங்கப்பா" என்றார்.

காலுக்குக் கிடைத்தால் தனக்குக் கிடைத்த மாதிரிதானே என்று அப்பா சம்மதித்தார். எனக்கு வேண்டியது அவர் உயிர். ஆஸ்பத்திரியில் காலை எடுத்து, மாசானத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அவன் அதைத் தன் கடை ஐஸ்பெட்டியில் பால்கோவாவுக்குப் பக்கத்தில் வைத்தான். கூட்டத்துக்குக் கூட்டம் அவனே சுமந்துகொண்டு போனான். அப்பாவுடைய நாற்காலியில் கால் நிறுத்தப்பட்டது. முதல் மாலை அதற்கு விழுந்தது. பரிவட்டத்தை முட்டிக்குக் கீழே சுற்றிக் கட்டினார்கள். காலுக்கு ஓர் அங்கி வேண்டும் என்று எனக்குச் சொல்லியனுப்பினார்கள். முக்காடு வைக்கவா என்று கேட்டேன். வைக்கச் சொன்னார்கள்.

கட்டுப் பிரித்ததும் அப்பா முதல் காரியமாக, கக்கத்தில் கட்டை கொடுத்து, தன் அங்கியைப் போட்டுக்கொண்டு சங்கத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். வாசலில் நின்ற முக்காடு கையை நீட்டித் தடுத்தது.

"நீங்க யாரு?"

"யோவ், நாந்தான்யா. உள்ள இருக்குறது என் காலு."

"அதான் உள்ள இருக்குல்லா" என்றது முக்காடு.

அப்பா வீட்டுக்கு வந்து அங்கியைக் கழற்றி என் மெஷின் மேல் போட்டார். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இனி அவர் கசந்தாலும் கேட்பாரில்லை. நான் மாத்திரை வாங்கி வந்தேன். அம்மாவின் பாகற்கொடி வேலியில் இன்னும் இருந்தது. பறித்துப் பொரித்து வைத்தேன். முகம் சுளிக்காமல் தின்றார். சர்க்கரை இறங்கியது, முகத்தில் ரத்தம் வந்தது, டாக்டர் என்னைப் பாராட்டினார். நான் கேட்ட உயிர் கிடைத்துவிட்டது. அதற்குரிய ஆள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எதற்குப் பாடுபட்டோம் என்று எனக்கு வெறுப்பாக இருந்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கீழிருப்பவர் எழுந்தார்.

இமை திறந்ததில் நெத்திலியெல்லாம் கொட்டிப்போனது. கடல் எழுந்து அவருக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. அவர் முழுதாக நிமிர்ந்தபோது தெற்கு வானத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் அவரவர் பெயர் மறந்துவிட்டது. குனிந்துகொண்டதும் ஞாபகம் வந்தது. சங்கத்து ஆட்கள் அங்கி மாட்டிக்கொண்டு ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். முன்னால் மாசானம், கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் அங்கியும் முக்காடுமாகக் கால். அதற்குப் பின்னால் இரண்டாம் கவளம், மூன்றாம் கவளம் என்று அடுத்தடுத்த உரிமைக்காரர்கள் கடற்கரை நெடுக நின்றார்கள். அப்பாவும் நானும் பொதுமக்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். அவர் என் தோளைப் பிடித்திருந்தார்.

வாய் இறங்கி வந்தது. வேறு சொல் இல்லாததால் வாய் என்கிறேன். தாம்பாளத்தின் மேல் ஒரு நொடி நின்றது. கால் போய்விட்டது. கீழிருப்பவர் அசைபோடவில்லை. எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறவர் போலக் கொஞ்சம் நின்றார். பிறகு அப்படியே சரிந்து படுத்துக்கொண்டார். கடல் மறுபடி மேலே மூடியது. இமை விழுந்தது.

"பெறகு?" என்று கேட்டான் மாசானம், வெறுந்தாம்பாளத்தோடு.

"ஒரு வாயி போதும்னுட்டாரு" என்றார் ஐயம்பெருமாள்.

வாழ்நாள் முழுக்க வெல்லம் தின்று காத்திருந்தவர்கள், ஈர அங்கியைப் பிழிந்துவிட்டு வீட்டுக்குப் போய் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்கள். மாசானம் கடையை அன்றைக்குத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பா கூப்பிட்டார். "ஏட்டி பேச்சி, கால் ஈரமா இருக்கு."

"எந்தக் காலு?"

"போன காலு."

துண்டு எடுத்துவந்து, கால் இருந்திருக்கவேண்டிய இடத்தைத் துடைத்தேன். "இன்னும் கீழ" என்றார். இன்னும் கீழே துடைத்தேன். கீழிருப்பவருக்குள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது என்றார். தரை மெத்தென்று இருக்கிறதாம். நடக்க இடமிருக்கிறதாம். அப்பா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நாள் முழுக்க நான் தைக்க, அவர் உள்ளே எந்தப் பக்கம் சரிவு, எந்தப் பக்கம் சேறு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் பேசியதெல்லாம் சேர்த்தாலும் அந்தச் சில வாரத்துப் பேச்சுக்கு வராது. நான் சந்தோஷமாக இருந்தேன்.

செய்தி பரவி ஐயம்பெருமாள் வந்தார். அவரும் மாசானமும் தரையில் உட்கார்ந்து, கீழிருப்பவர் உள்ளே எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். அப்பா நிதானமாகச் சொன்னார். வருகிற அமாவாசைக்கு வீட்டுக்கே வந்து பரிவட்டம் கட்டுவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நான் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பேச்சி, இங்க இன்னொரு காலு கெடக்கு" என்றார் அப்பா.

"யாரு காலு?"

இல்லாத காலை அசைத்து அசைத்துத் தடவிப் பார்ப்பது அவர் தொடையில் தெரிந்தது. "பொம்பள காலு. மெட்டி கெடக்கு" என்றார். பிறகு, "ஒரு பக்கம் நசுங்கியிருக்கு" என்றார்.

நான் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தேன்.

"மூழ்கித்தானட்டி போனா?"

"அப்பிடித்தான் தீர்ப்பு" என்றேன்.

"முந்திட்டா" என்றார் அப்பா. முகம் சுருங்கிப்போனது. எனக்கு வந்தது சந்தோஷம், அதை எதற்கு ஒளிக்கவேண்டும். பச்சைப் பாகற்காயாகத் தின்று தின்று உடம்பெல்லாம் கசந்த ஒரு பெண்பிள்ளையைக் கீழிருப்பவர் முதலில் வாயில் போட்டிருக்கிறார். துப்பவும் இல்லை.

"அம்மாவுக்கு எப்பிடி இருக்குன்னு கேளுங்கப்பா."

"கால வச்சு என்னத்தக் கேக்க?" என்றார். ஆனாலும் காலை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோகிறார் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நகத்திக்கிட்டா" என்றார்.

அடுத்த நாளும் போய்ப் பார்த்தார். அதற்கடுத்த நாளும் பார்த்தார். அவள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். சங்கத்தில் மட்டும் இதைச் சொல்லிவிடாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் சொன்னால் கேட்கிற சங்கமா அது என்று கேட்டேன்.

அமாவாசைக் காலையில் ஐயம்பெருமாள் பட்டுத் துணியோடு வந்தார். மாசானம் மாலையோடு வந்தான். அப்பா குளித்து, வேட்டி கட்டி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் பரிவட்டத்தை உதறி விரித்து அவர் தலைக்குக் கொண்டுவரும்போது, அப்பா நாற்காலியோடு சேர்ந்து ஒரு துள்ளு துள்ளினார்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல, கட்டுங்க" என்றார் அப்பா. மறுபடி துள்ளினார். "உதைக்கா" என்று என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார். பிறகு அவருக்குக் கால் இருக்கிற உணர்வே அற்றுப்போனது. தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். வெறும் காற்றுதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசல் கதவை யாரோ கீழ்ப்பக்கமாகத் தட்டினார்கள். நான் போய்த் திறந்தேன். கால் நின்றுகொண்டிருந்தது. நான் தைத்த அங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது, முக்காடு பின்னால் விழுந்து கிடந்தது. கடற்கரையிலிருந்து நடந்தே வந்திருந்ததால் பாதமெல்லாம் மணல். இரண்டாம் விரலில் ஒரு பக்கம் நசுங்கிய மெட்டி மாட்டியிருந்தது.

அப்பா அதைப் பார்த்தார். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார்.

ஐயம்பெருமாள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பரிவட்டத்தோடு வாசலுக்கு வந்து காலுக்குக் கட்டினார். மாசானம் மாலையைப் போட்டான்.

கால்மிதியில் நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னேன்.